அந்த ஒரு நிமிடம்

திண்டிவனம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். போனில் பேசினால் பாதியில் நீ அழுவாய், நானும் அழுதுவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

“நாலு வருஷம் நர்சிங் படிச்சிட்டு, பி.எச்.சி.யில உக்காந்து வினிகர் தடவிப் பாக்குற வேலைதானா பெரியம்மா?” என்று கேட்டிருக்கிறாய். ஜெர்மனி போகப் பெயர் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், இத்தனை வருஷம் வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். அப்போது நான் இருந்த ஆஸ்பத்திரிக்கு, செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வருவார். மல்லாட்டை பிடுங்க, களையெடுக்கக் கூலிக்குப் போகிறவர். நாற்பத்தைந்து வயசு இருக்கும். “வெள்ளப்படுதும்மா, நாத்தமா வருது” என்பார், தலையைக் குனிந்துகொண்டே. சீட்டில் எழுதியிருக்கும் மாத்திரையை எண்ணிக் கொடுப்பேன். நாலு மாசத்தில் நாலு தடவை வந்தார். ஒரு தடவைகூட அவரைப் படுக்கவைத்து யாரும் பார்க்கவில்லை. ஸ்பெகுலம் அலமாரியில்தான் இருந்தது. எனக்குப் பிரசவம் பார்க்கத் தெரியும், தையல் போடத் தெரியும். கர்ப்பப்பை வாயில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை. ஐந்தாவது தடவை புடவையெல்லாம் உதிரமாக வந்தார். புதுச்சேரிக்கு அனுப்பினோம். முற்றிப்போய்விட்டது என்றார்கள். கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தும் அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

அந்தச் சீட்டில் என் கையெழுத்து கிடையாது. ஆனால் மாத்திரையைக் கொடுத்த கை என் கை.

இப்போது நீ வினிகர் என்று சொன்னதற்கு வருகிறேன். நீ பஞ்சில் தொடும் அந்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிவிட்டு ஒரு முழு நிமிடம் காத்திருந்து பார்க்கச் சொல்லித் தந்திருப்பார்கள். கெட்டுப்போகத் தொடங்கிய செல்கள் அந்த நிமிடத்தில் வெள்ளையாகத் திட்டுப் பிடிக்கும். எச்.பி.வி. வைரஸ் ஒட்டிக்கொண்டதிலிருந்து புற்றாக முற்றப் பெரும்பாலும் பதினைந்து இருபது வருஷம் ஆகிறது. அந்த அம்மாவுக்கும் அத்தனை வருஷம் இருந்தது. அதில் ஏதோ ஒரு வருஷத்தில் ஒரு நிமிடம், விஷயம் தெரிந்த ஒருத்தி பார்த்திருந்தால் அவர் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்திருப்பார்.

மனசு பொறுக்காமல் பெரியம்மா சொல்கிறாள் என்று நினைக்காதே. திண்டுக்கல் மாவட்டத்தில் இதைப் பரீட்சித்தே பார்த்திருக்கிறார்கள். அம்பிளிக்கை மருத்துவமனையும், பிரான்ஸில் லியோன் நகரத்திலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2000-இல் தொடங்கினார்கள். டாக்டர் சங்கரநாராயணன் முன்னின்று நடத்தினார். 30 வயதிலிருந்து 59 வயது வரையிலான 49,311 பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பார்த்தவர்கள் யார் தெரியுமா? பயிற்சி பெற்ற நர்ஸுகள். சந்தேகப்பட்ட இடத்தில் சதை எடுத்தவர்களும், தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே கிரையோ சிகிச்சை கொடுத்து அந்த இடத்தை உறையவைத்தவர்களும் அவர்களே. முடிவு 2007-இல் லான்செட் பத்திரிகையில் வந்தது. ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனைதான் நடந்தது. அழைக்காமல் விட்ட ஊர்களோடு ஒப்பிட்டால், அழைத்த ஊர்களில் இந்தப் புற்றால் செத்தவர்கள் 35 சதவீதம் குறைவு. பெரிய இயந்திரம் எதுவும் அந்த ஊர்களுக்குப் போகவில்லை பாப்பா. உன்னைப் போன்ற பெண்கள் டார்ச் வெளிச்சமும் பஞ்சும் வைத்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கணக்கிலேயே இன்னொரு எண் இருக்கிறது. அழைத்தவர்களில் வந்தது 31,343 பேர். ஏறக்குறைய பதினெட்டாயிரம் பேர் வரவில்லை. நான் யோசிப்பதெல்லாம் அவர்களைப் பற்றித்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பார், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியா முழுக்க நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நாட்டிலேயே முன்னால் நிற்பது தமிழ்நாடு. அந்தத் தமிழ்நாட்டிலேயே நூற்றுக்குப் பத்துப் பேரை எட்டவில்லை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் போட்ட இந்தியப் புற்றுநோய் வரைபடத்தில், கருப்பைவாய்ப் புற்று மிகுந்த பட்டையாகத் தெரிந்தது தமிழகத்தின் வடகிழக்கு. நம் விழுப்புரம் அதற்குள்ளேதான் இருக்கிறது.

“கூப்பிட்டா ஓடுறாங்க பெரியம்மா” என்கிறாய். ஏன் ஓடுகிறார்கள் என்று அவர்களிடமே உட்கார்ந்து கேட்டாயா? உன் ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? வெளியே பெஞ்சில் ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே போய்ப் புடவையைத் தூக்க எந்தப் பொம்பளை வருவாள்? மரக்காணம் உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே கிளம்பிவிடுகிறார்கள், உன் ஓ.பி. ஆரம்பிப்பது ஒன்பது மணிக்கு. கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. போகிற இடத்தில் புற்று என்ற சொல்லை முதலில் எடுக்காதே. “கர்ப்பப்பை வாயில புண்ணு கிண்ணு இருக்கான்னு பாக்குறேன்கா, வலிக்காது, முடிஞ்சதும் நீங்களே எழுந்து போயிடலாம்” என்று சொல். முதலில் ஒரு மாமியாரைப் பிடி. அவர் வந்துவிட்டுப் போனால் அந்தத் தெருவே வரும். ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டில் 2006-இலிருந்து நர்ஸுகளே இந்த வேலையைச் செய்கிறார்கள். கர்ப்பப்பை வாயைப் படமெடுத்து அந்தப் பெண்ணிடமே காட்டுகிறார்கள். தன் உடம்பைத் தன் கண்ணால் பார்த்தவள் வீட்டுக்குப் போய்ப் பத்துப் பேரிடம் சொல்வாள் இல்லையா?

அடுத்ததுதான் கஷ்டம். பாசிட்டிவ் வந்தவருக்கு முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டெழுதிக் கொடுத்ததோடு உன் வேலை முடிந்ததென்று யாராவது சொல்லியிருந்தால் அதை இன்றோடு மறந்துவிடு. முற்றிய புற்று என்றால் கரண்ட் வைப்பது வழக்கமாக இருபத்தைந்து நாள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், வாரம் ஒரு கீமோ, அதற்குப் பிறகு உள்ளே வைக்கும் கதிர்வீச்சு. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், இழுத்தால் பலன் குறையும். இங்கிருந்து கோரிமேடு ஜிப்மருக்கு நாற்பது கிலோமீட்டர் போல. செஞ்சிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அதற்கு மேலேயே. மகளிர் இலவச டிக்கெட் டவுன் பஸ்ஸோடு சரி. காப்பீட்டு அட்டை சிகிச்சைக்கு உதவும், வீட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டாது. பத்து நாள் போய்விட்டு “கொஞ்சம் தேவலாம்” என்று நின்றுபோனவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! அதனால் உனக்கென்று ஒரு நோட்டுப் போடு. பெயர், ஊர், யார் போன், எந்தத் தேதி எங்கே போக வேண்டும், போனாரா. வெள்ளிக்கிழமை தோறும் அதைப் புரட்டு. போகாதவருக்குப் போன் பண்ணு, எடுக்கவில்லை என்றால் அந்த ஊர் கிராம சுகாதார நர்ஸ் (வி.எச்.என்.) அக்காவிடம் சொல். முதல் நாள் கூடவே போக முடிந்தால் போ. எந்தக் கவுன்ட்டர், எந்த வாசல் என்று தெரியாமல் திரும்பி வருகிறவர்கள் உண்டு.

இயந்திரம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். உகாண்டாவில் நாட்டுக்கே இருந்த ஒரே கதிர்வீச்சு இயந்திரம் 2016-இல் பழுதாகி நின்றது. சிலரை நைரோபிக்கு அனுப்பினார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். புது இயந்திரத்தைத் திறந்துவைக்க 2018 ஜனவரி ஆயிற்று. அந்த நாட்டு மக்களை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் பணம் கிடைத்தால் இயந்திரத்தை ஒரே கப்பலில் இறக்கிவிடலாம். அதை ஓட்டும் டெக்னீஷியன், எவ்வளவு கதிர் என்று கணக்குப் போடும் மெடிக்கல் பிசிசிஸ்ட், கீமோ ஏற்றத் தெரிந்த நர்ஸ், இவர்களை எந்தக் கப்பலில் இறக்குவது? வருஷக்கணக்கில் வளர்த்துத்தான் ஆக வேண்டும்.

நம் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி அப்படித்தான் வளர்ந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை முப்பது வருஷம் மனசில் வைத்திருந்து, 1954-இல் பன்னிரண்டு படுக்கையோடு கேன்சர் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினார். அடுத்த வருஷம் சாந்தா டாக்டர் சேர்ந்தார். 2021 ஜனவரியில் கண்மூடும் வரை அங்கேயே இருந்தார். அவர்கள் கட்டடம் கட்டியதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, 1984-இல் புற்றுநோய் மருத்துவத்துக்கென்றே டி.எம்., எம்.சிஎச். மேற்படிப்புகளை இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கியது. தங்களுக்குப் பின்னால் ஆள் வேண்டுமே என்று யோசித்தவர்கள் அவர்கள்.

இப்போது ஜெர்மனி. போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. ஒப்பந்தம், தொகுப்பூதியம் என்று வருஷக்கணக்கில் இழுத்தடித்தால் பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள். உன் அப்பாவின் கடன் எனக்குத் தெரியும். போகிறவர்களைக் குறை சொல்கிறவர்கள் முதலில் இங்கே நிரந்தர வேலைக்கு வழி சொல்லட்டும். ஆனால் இரண்டு வருஷம் தள்ளிப் போட முடியுமா என்று உன் அப்பாவிடம் நான் பேசுகிறேன். கடனில் வட்டியை மட்டும் என் பென்ஷனிலிருந்து கட்டுகிறேன், இதற்கு நீ மறுப்புச் சொல்லக் கூடாது. இந்த இரண்டு வருஷத்தில் ஆயிரம் பேரையாவது பார். ஆயிரம் பேரைப் பார்த்த கண்ணுக்கு வெறும் புண் எது, விவகாரமான வெள்ளை எது என்று தெரிந்துவிடும். உனக்கு அடுத்து வருகிற பெண்ணைப் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டிக்கொடு. அப்புறம் எந்த நாட்டுக்குப் போனாலும் இங்கே ஒரு கண் இருக்கும்.

இன்னொன்று. கைமீறிப் போனவர்களும் வருவார்கள். அவர்களைக் கண்டால் ஒதுங்காதே. நான் ஒதுங்கியிருக்கிறேன், என்ன சொல்வது என்று தெரியாமல். கோழிக்கோட்டில் 1993-இல் ஒரு சின்ன வலிநீக்கக் கிளினிக் ஆரம்பித்தார்கள். அதிலிருந்து கேரளம் முழுக்க ஊர்மக்களே வீடுதேடிப் போய்ப் பார்க்கிற வழக்கம் பரவியது. நம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் அதற்கென்று நர்ஸ் இருக்கிறார், அவர் போன் நம்பர் உன் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். மார்ஃபின் என்றதும் பயப்படும் வீட்டாருக்கு, டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது வலியை அடக்கும் மருந்து என்று பொறுமையாகச் சொல். ராத்திரி தூங்க முடிந்தாலே அந்த முகம் மாறிவிடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. பழைய கதர்ப் புடவை இரண்டைக் கிழித்து, நாடா வைத்து, முழங்கால் வரை மறைக்கிற மாதிரி ஆறு பாவாடை தைத்திருக்கிறேன். மேஜையில் ஏறும்போது அவர்கள் கட்டிக்கொள்ளட்டும். நாலு முழத்தில் ஒரு திரையும் இருக்கிறது. தாழ்ப்பாளுக்கு ஆசாரியிடம் சொல்லிவிட்டேன், மறுநாள் திங்கட்கிழமை காலையில் உன் பி.எச்.சி.க்கு வருவார். உன் டாக்டரம்மாவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவை.

உன் பெரியம்மா