அப்பாவின் காது, மகனின் காது

மும்பைக்கு அருகில் பிவண்டி என்ற ஊர் இருக்கிறது. அங்கே தெருவுக்குத் தெரு விசைத்தறிக் கூடங்கள். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. சைகை காட்டித்தான் வேலை நடக்கும்.

அந்த ஊரில் ஒரு தறித் தொழிலாளி. இருபது வருடமாகத் தறி ஓட்டுகிறார். மனைவி கூப்பிட்டால் அவருக்குக் கேட்பதில்லை. ஏழு வயது மகனுக்கும் சரியாகக் கேட்பதில்லை. அவன் காதில் அடிக்கடி சீழ் வடிந்தது. பாட்டி எண்ணெய் காய்ச்சி ஊற்றினார். பள்ளியில் அவனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். மக்கு என்ற பெயரும் வந்தது. பாவம், பாடம் காதில் விழுந்தால்தானே படிப்பான்!

தாய் இருவரையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

"இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு இல்லை, அம்மா" என்றார் டாக்டர்.

காதுத் துளையின் முடிவில் மெல்லிய சவ்வு இருக்கிறது. அதுதான் செவிப்பறை. ஒலி பட்டால் அது அதிரும். அதன் பின்னால் உள்ள மூன்று சின்ன எலும்புகள் அந்த அதிர்வை உள்காதுக்குக் கடத்தும். அங்கிருந்து நரம்பு வழியாகச் செய்தி மூளைக்குப் போகும்.

மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்கு ஒரு குழாய் போகிறது. மகனுக்குச் சளி பிடித்தபோது அந்த வழியாகக் கிருமி போயிற்று. சீழ் கட்டியது. செவிப்பறையில் ஓட்டை விழுந்தது. இதைக் குணப்படுத்த முடியும். டாக்டர் கொடுக்கும் மருந்தால் சீழை நிறுத்தலாம். ஓட்டை தானாக மூடாவிட்டால் அறுவை சிகிச்சை செய்து மூடலாம். காதில் தண்ணீர் படக் கூடாது. எண்ணெய், தீக்குச்சி, கோழி இறகு எதுவும் கூடாது. சீழ் வடியும் காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, கடும் தலைவலி வந்தாலோ, வாய் கோணினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீழ் மூளைக்குப் பரவினால் உயிருக்கே ஆபத்து.

"எனக்கு எப்போது சரியாகும்?" என்று கேட்டார் தகப்பனார்.

டாக்டர் சற்றுத் தயங்கினார். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் இருக்கின்றன. தறிச் சத்தம் அவற்றை அழித்துவிட்டது. அவை மீண்டும் வளர்வதில்லை. காது கேட்கும் கருவி ஓரளவு உதவும். மிச்சம் இருக்கும் செவியைக் காக்க, வேலை நேரம் முழுவதும் காதடைப்பான் போட வேண்டும். வெறும் பஞ்சு போதாது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்தச் சத்தம் காதைக் கெடுக்கும் சத்தம்தான்.

மகனை ஆசிரியர் முன் வரிசைக்கு மாற்றினார். தகப்பனார் மேஸ்திரியிடம் காதடைப்பான் கேட்டார். கூட வேலை செய்யும் நாலு பேரும் சேர்ந்து கேட்டார்கள்.