கோரைக் கிழங்கும் குரோமும்

கடலைக்காட்டில் கோரை பிடுங்கியவர்களுக்குத் தெரியும். தாளைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடி தலைநீட்டும்.

பென்னாகரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் பார்த்ததும் அதுதான். குரோமைத் திறந்தால் கூகுள் வரவேண்டிய இடத்தில் கேள்விப்படாத ஒரு தேடுதளம். கடைக்காரத் தம்பி சலித்துப் போயிருந்தார். "மூணு தடவ எடுத்துட்டேண்ணா. காலைல வந்து ஆன் பண்ணா மறுபடியும் நிக்குது."

அது நுழைந்த வழி எளிது. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்குப் புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்கவேண்டும். கடைசி நாள், வரிசையில் எட்டுப் பேர். யாரோ அவசரத்தில் இலவச கன்வெர்ட்டர் தேடி, வந்த முதல் பட்டனை அமுக்கியிருக்கிறார்கள். கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது குரோமோடு ஒட்டிக்கொள்ளும் சிறு புரோகிராம், ஏறிவிட்டது.

கன்வெர்ட்டர் என்ற இந்த வேடம் புதிதல்ல. 2020 ஜூனில் அவேக் செக்யூரிட்டி என்ற நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட குரோம் எக்ஸ்டென்ஷன்கள் உளவு பார்ப்பதைக் கண்டுபிடித்தது. அவற்றின் மொத்த டவுன்லோட் 3 கோடியைத் தாண்டியிருந்தது. அடுத்து நம் நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரிக்கை விடுத்தது: ஃபைல் மாற்றித் தருவதாகவும், தேடலைச் சீராக்குவதாகவும், பாதுகாப்புச் சோதனை செய்வதாகவும் சொல்லிக்கொண்டு வந்தவை, திரையைப் படம்பிடிக்கவும் பாஸ்வேர்டு அடிப்பதைப் படிக்கவும் கூடியவை என்று. சென்டரில் நாள் முழுக்க நடப்பது ஃபைல் மாற்றும் வேலைதானே!

செய்ய வேண்டியவை

• முதலில் சிங்க்கை நிறுத்துங்கள். பலரும் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள், சிலர் செய்வதே இல்லை. குரோமில் கூகுள் கணக்கோடு சிங்க் ஓடினால், ஒரு கம்ப்யூட்டரில் சேர்த்த எக்ஸ்டென்ஷன் அதே கணக்குள்ள மற்ற கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேரும். சென்டரில் தொற்றியது வீட்டு லேப்டாப்புக்கு வருவதும் இப்படித்தான். செட்டிங்ஸில் உங்கள் கணக்கின் பெயருக்குக் கீழே, எவை எவை சிங்க் ஆகவேண்டும் என்ற பட்டியலில் எக்ஸ்டென்ஷன்ஸை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

• கிழங்கைத் தேடுங்கள். எக்ஸ்டென்ஷனைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது பல நேரம் விண்டோஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு புரோகிராம். விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளில் என்ன வந்திருக்கிறது? அந்த சென்டரில் அதே தேதியில் ஒரு 'இலவச பிடிஎஃப்' புரோகிராம் இருந்தது. முதலில் அதை நீக்கினோம். அதற்குப் பிறகுதான் குரோம்.

• இப்போது எக்ஸ்டென்ஷனை எடுங்கள். வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, எக்ஸ்டென்ஷன்ஸ், மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ், ரிமூவ். நீங்கள் போட்டதாக நினைவில்லாத எதையும் விட்டுவைக்க வேண்டாம். நல்லதையே தவறி நீக்கிவிட்டாலும் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

• ரிமூவ் பட்டனே இல்லையா? அட்மினிஸ்ட்ரேட்டர் நிறுவியது என்று காட்டுகிறதா? உங்கள் சொந்தக் கம்ப்யூட்டருக்கு உங்களைத் தவிர வேறு அட்மினிஸ்ட்ரேட்டர் ஏது! அலுவலகங்களுக்காக வைத்திருக்கும் 'பாலிசி' என்ற வசதியைத் தீய புரோகிராம் கள்ளத்தனமாகப் பயன்படுத்தியிருக்கலாம். சில ஆன்டிவைரஸ்களும் பாலிசி எழுதும் என்பதால் பதற்றம் வேண்டாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, கால் மணி நேரம் போல் எடுக்கும். அதற்கும் அசையாவிட்டால் ரெஜிஸ்ட்ரி தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

• குரோம் ஐகானை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியைப் பாருங்கள். கடைசியில் ஏதாவது இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அழியுங்கள்.

• பிறகு குரோமை ரீசெட் செய்யுங்கள். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் போய்விடுமே என்று பயந்து பலர் இதைத் தவிர்க்கிறார்கள். அவை போகாது. தேடுதளம், தொடக்கப் பக்கம் ஆகியவை பழைய நிலைக்குத் திரும்பும், எக்ஸ்டென்ஷன்கள் அணையும், குக்கிகள் அழிவதால் தளங்களில் மறுபடி லாகின் செய்யவேண்டி வரும், அவ்வளவுதான்.

• எல்லாம் சுத்தமான பிறகு பாஸ்வேர்டு மாற்றுங்கள். மாற்றும்போதே பிற சாதனங்களிலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள். திருடியது குக்கியாக இருந்தால், பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே நுழைய முடியும்.

• சென்டர் நடத்துபவர்கள் வாடிக்கையாளருக்கு கெஸ்ட் விண்டோ திறந்து கொடுங்கள். குரோமில் ப்ரொஃபைல் படத்தை அமுக்கினால் வரும். அதில் எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாது. மூடியதும் அவர்கள் விட்டுச்சென்ற தடம் அழிந்துவிடும். வருமானச் சான்றிதழுக்கு வருகிறவர் தன் ஆதாரையும் ஓடிபியையும் உங்களை நம்பித்தான் நீட்டுகிறார்.

செய்யக்கூடாதவை

• படத்தைச் சுருக்க எக்ஸ்டென்ஷன் போடாதீர்கள். விண்டோஸோடு வரும் பெயின்ட்டில் ரீசைஸ் செய்து ஜேபெக் ஆகச் சேமித்தாலே பெரும்பாலும் 50 கேபிக்குள் வந்துவிடும். பிடிஎஃப் வேண்டுமா? பிரிண்ட் கொடுத்து, பிரிண்டருக்குப் பதிலாகச் சேவ் ஆஸ் பிடிஎஃப். இதைச் சொன்னபோது அந்தத் தம்பி முகத்தில் தெரிந்த எரிச்சல் என்மேல் அல்ல என்றுதான் நம்புகிறேன்.

• நேற்றுவரை நல்லதாக இருந்தது என்று நம்பிவிடாதீர்கள். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்றொரு எக்ஸ்டென்ஷன். 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்திருந்தது, நிஜமாகவே பயனுள்ளது. 2020இல் அதை உருவாக்கியவர் வேறு யாருக்கோ விற்றார். 2021 பிப்ரவரியில் தீய நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுளே அதை முடக்கியது. எருமை கைமாறினால் சந்தையில் நாலு பேருக்குத் தெரியும். எக்ஸ்டென்ஷன் கைமாறினால் அதை வைத்திருப்பவருக்கே தெரியாது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனே களவு போனது: ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலில் ஏமாந்தார், திருடர்கள் அப்டேட் என்ற பெயரில் தங்கள் சரக்கை ஏற்றிவிட்டார்கள். ஆகவே எண்ணிக்கை குறைவாக இருப்பதே பாதுகாப்பு. என்னிடம் இருப்பது இரண்டு.

• 'எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்' என்று அனுமதி கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லாதீர்கள். அந்த 'எல்லா' என்பதில் உங்கள் வங்கியும் அடக்கம். தவிர்க்க முடியாததென்றால், அதன் டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் சைட் அக்சஸை 'ஆன் கிளிக்' என்று மாற்றிவிடுங்கள்.

• 'நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலோ அமுக்கவும்' என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். அது நோட்டிஃபிகேஷன் அனுமதி வாங்கும் தந்திரம். திரையின் வலது கீழ் மூலையில் வந்து விழும் 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்' பெரும்பாலும் இதன் பிள்ளைதான். எக்ஸ்டென்ஷனைத் தேடிப் பயனில்லை. சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸுக்குப் போய்த் தெரியாத தளங்களை நீக்குங்கள். போனிலும் இதையே பாருங்கள். ஏனென்றால் ஆண்ட்ராய்டு போன் குரோமில் எக்ஸ்டென்ஷன் போட வழியில்லை.

• சுத்தம் செய்யும் டூல் என்று விளம்பரத்தில் வருவதை இறக்காதீர்கள். கோரைக்கு மருந்து என்று கோரை விதையையே விற்பவர்கள் உண்டு. டிஃபெண்டர் போதவில்லை என்றால் மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் இலவச டூல்கள் இருக்கின்றன.

• பள்ளியோ அலுவலகமோ கொடுத்த லேப்டாப்பில் பாலிசியை நீங்களாகக் கிளறாதீர்கள். அங்கே நிஜமாகவே ஒரு அட்மினிஸ்ட்ரேட்டர் இருக்கலாம்.

• கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், கம்ப்யூட்டரைச் சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்கவும் வேண்டாம். முதல் வேலையாக 1930க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் சொன்னால்தான் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.