வேலை குறையும் மாதத்துக்கு வீட்டுக் காய்கறி: விதை வாங்கும் முன்



பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகும் நம் வீடுகளில் வருமானம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வருவதில்லை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை நிறைய இருக்கும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடிக்கிடக்கும். திறந்த பிறகும் மழைநாளில் சரக்கைக் காயவைக்க முடியாது, வேலையும் இருக்காது. கையில் காசு குறையும் அதே மழைக்காலத்தில்தான் காய்கறி விலையும் பெரும்பாலும் ஏறுகிறது.

அந்த மாதங்களில் அடுப்படிக்குக் கொஞ்சமாவது வீட்டுக் காய் வரவேண்டும் என்றால், விதையை முன்கூட்டியே யோசித்து வாங்க வேண்டும். மாடியில் பத்துப் பை அல்லது வாசலோரம் ஒரு பாத்தி போதும்.

1. நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

கீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். வெண்டையும் சீனியவரையும் (கொத்தவரை) 45 முதல் 50 நாளில் காய்க்கத் தொடங்கும். தக்காளிக்கும் கத்தரிக்கும் நாற்றங்கால் நாளையும் சேர்த்து ஏறக்குறைய 90 நாள் ஆகும். மிளகாய்க்கு இன்னும் கூடுதல்.

கார்த்திகை முதல் காய் பறிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மிளகாய் நாற்றை ஆடியிலும், தக்காளி, கத்தரி நாற்றை ஆவணி தொடக்கத்திலும் விட வேண்டும். வெண்டை, சீனியவரையைப் புரட்டாசியிலும் கீரையை ஐப்பசியிலும் விதைக்கலாம். ஆகவே விதை ஆடி மாதமே கைக்கு வந்துவிட வேண்டும். தீபாவளி போனஸ் வந்தபின் வாங்கினால் தை மாதம்தான் தக்காளி கிடைக்கும். தாமதமாகிவிட்டால் கீரையையாவது விதையுங்கள்.

2. நம் வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஏற்ற ரகம்

குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருக்கள் நமக்குப் புதிதல்ல. பாக்கெட்டில் உள்ள படத்தின் அழகைப் பார்த்துக் குடைமிளகாய், காலிஃபிளவர் விதை வாங்குவதைவிட, இந்த மண்ணில் பழகியதை வாங்குவது மேல்.

மிளகாயில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கே-1, கே-2 ரகங்கள் கரிசல் பகுதிக்கு ஏற்றவை. கே-2 ரகத்தின் பெற்றோரில் ஒன்று நம் சாத்தூர் சம்பா. தக்காளிக்குப் பெரியகுளத்தின் பி.கே.எம்-1 உண்டு. கிள்ளிகுளத்தின் கே.கே.எம்-1 கத்தரியில் சிறிய வெள்ளைக் காய்கள் கொத்தாக வரும். சீனியவரையில் பூசா நவ்பகார் கிளை விடாமல் நேராக வளர்வதால் பைக்கு வசதி. வெண்டையில் அர்கா அனாமிகா, மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்குவதற்காக உருவாக்கப்பட்டது. தரையில் இடம் இருப்பவர்கள் பி.கே.எம்-1 செடிமுருங்கை விதை ஒன்றிரண்டு ஊன்றலாம்.

3. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

விதையை விற்பவர் ரகத்தின் பெயர், குவியல் எண், முளைப்புத்திறன், பரிசோதனை செய்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றை அச்சிட்டிருக்க வேண்டும். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை இருக்கும். தயாரிப்பாளரே உறுதி கூறும் விதைக்கு இளம்பச்சை அட்டை. குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60.

ஆன்லைனில் வாங்கும்போதும் இதே விவரங்களைக் கேளுங்கள். நாற்பது வகை விதை ஒரே பையில் மலிவாகக் கிடைக்கிறது என்றால், ஒவ்வொன்றுக்கும் ரகமும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். பில்லையும் காலிப் பாக்கெட்டையும் பத்திரமாக வையுங்கள். முளைக்காவிட்டால் விதை ஆய்வாளரிடமோ 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் செய்ய அவை தேவைப்படும்.

விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் ஏழு முளைத்தால் நல்ல விதை. மிளகாய்க்கும் கத்தரிக்கும் இன்னும் சில நாள் பொறுங்கள்.

சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறிய விதையில் பூஞ்சாண மருந்து கலந்திருக்கும். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

4. ஒரு பாக்கெட், பல வீடு

ஒரு கிராம் தக்காளி விதையில் சுமார் 300 விதை இருக்கும். ஒரு வீட்டுக்கு ஐந்தாறு செடி போதும். எனவே தெருவில் நான்கைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து, ஒருவர் தக்காளி, ஒருவர் மிளகாய், ஒருவர் வெண்டை என்று வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.

அரசுத் திட்டத்தையும் விசாரியுங்கள். 2025 ஜூலை 4 அன்று தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என 6 வகை விதைத் தொகுப்பு முழு மானியத்தில் வழங்கப்பட்டது. இந்த ஆண்டு கிடைக்குமா என்று உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். ரகம் பற்றிய சந்தேகங்களுக்கு அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

5. அடுத்த ஆண்டு விதை வீட்டிலேயே

எப்-1 அல்லது ஹைபிரிட் என்று அச்சிட்ட விதை நன்றாகக் காய்க்கும். ஆனால் அதன் பழத்திலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போல வராது. ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும். மேலே சொன்னவை சாதாரண ரகங்கள். அவற்றில் விதை எடுத்து வைக்கலாம்.

தக்காளியும் சீனியவரையும் இதற்கு மிக எளிது. நல்ல செடியில் நன்கு பழுத்த தக்காளியைப் பிழிந்து ஒரு நாள் ஊறவைத்து, கழுவி, நிழலில் உலர்த்திப் புட்டியில் அடைத்து, பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். மிளகாயும் வெண்டையும் அயல் மகரந்தம் ஏற்கும். அவற்றில் ஒரு ரகம் மட்டும் வளர்த்தால் கலக்காது.

6. நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை

மருந்து வந்த டிரம், சாக்கு, வாளி எதையும் செடி வைக்கப் பயன்படுத்தாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். பச்சை நிற வெடிக்குச் சேர்க்கும் பேரியம் உப்பு விஷம். வேலைத் துணி துவைத்த தண்ணீரையும் கீரைக்கு ஊற்ற வேண்டாம். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். அச்சகத்துக் கலர்க் காகிதத் துண்டுகளை மூடாக்காகப் போடுவதையும் தவிருங்கள்.

முதல் ஆண்டில் மூன்று வகை போதும்: கீரை, சீனியவரை, தக்காளி. இந்த வாரமே பக்கத்து வீட்டுச் சகோதரியிடம் பேசி யார் எதை வாங்குவது என்று முடிவு செய்யுங்கள். இன்ஷா அல்லாஹ், வேலை இல்லாத கார்த்திகையில் சமையலுக்கு உங்கள் மாடியிலேயே ஏதாவது ஒரு காய் இருக்கும்.