புவி நடுவெனக் கொண்ட கிரேக்கர்

வெறுங்கண்ணால் நோக்கின், நாம் நிற்க விண் சுழல்வதாகவே காண்கின்றோம். ஆதலின், புவியை நடுவில் வைத்த கிரேக்கரை அறிவிலர் எனல் பொருந்தாது.

கி. மு. 4ஆம் நூற்றாண்டில் யூடொக்சஸ், புவியை மையமாகக் கொண்டு ஒன்றனுள் ஒன்றாயமைந்த 27 கோளங்களின் சுழற்சியால் விண்ணியக்கத்தை விளக்கினார். கோளத்தின் பரப்போ மையத்திலிருந்து மாறாத் தூரத்திலுள்ளது. அவ்வாறாயின் செவ்வாய் ஒருகாற் பேரொளியுடனும் ஒருகால் மங்கியும் தோன்றுவதேன்? அங்கே இதற்கு விடையில்லை.

கி. பி. 150 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, கோள் ஒரு சிறு வட்டத்திற் சுழல, அவ்வட்டத்தின் மையம் புவியைச் சூழ்ந்த பெருவட்டத்திற் செல்லும் என்றார். கோள் புவியை அணுகுங்கால் ஒளி மிகும். அப்போதே அது பின்னோக்கிச் செல்வதாயும் தோன்றும். கோள்களின் நிலையை முன்கூட்டிக் கணிக்க உதவிய இம்முறை, 1543இற் கொப்பனிக்கசின் நூல் வெளிவரும்வரை ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் ஆட்சி செலுத்திற்று.

தொலமிக்கு நான்கு நூற்றாண்டுகள் முன்னரே, புவி ஞாயிற்றைச் சுற்றுகின்றதென அரிஸ்தார்க்கஸ் கூறியிருந்தார். அது மெய்யாயின், அண்மை விண்மீன்கள் ஆண்டினுள் சற்றே இடம்பெயர்ந்து தோன்றல் வேண்டும். அப்பெயர்ச்சி எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. விண்மீன்களின் தொலைவு அத்துணைப் பெரிது. 1838இலேயே பெசல் அதனை அளந்து வெளியிட்டார்.

கணிப்புப் பொருந்துவதனால் மட்டும் கொள்கை மெய்யாகாது. சான்று கிட்டாமையால் மட்டும் பொய்யாகவும் மாட்டாது. அறிவியல் பயில்வோராகிய நாம் இவ்விரண்டையும் உளங்கொள்வோமாக.