ஐவர் கூடிப் படித்தல்

மூன்றாம் வகுப்புப் பாதி வரையில் நான் படிக்கத் தெரியாதவன். இதனை என் ஆசிரியர் அறியார், பெற்றோரும் அறியார். வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம். ஆசிரியர் ஒரு வரி சொல்வார். நாற்பது வாய்களும் அதனைத் திருப்பிச் சொல்லும். பாடம் முழுவதும் எனக்கு மனப்பாடம்! புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் ஒருநாள் பாடத்தின் நடுவே ஒரு சொல்லைச் சுட்டி, "இது என்ன?" என்றார். நான் பாடத்தை முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அச்சொல்லை எட்டிப் பிடிக்க முயன்றேன். அவருக்கு விளங்கிவிட்டது.

மறுவாரம் என்னையும் என்னைப் போன்ற நால்வரையும் தாழ்வாரத்தில் வட்டமாக அமர்த்தினார். மற்றவர்க்கு எழுத்துவேலை. எங்கள் கையில் ஆளுக்கொரு கதைப்புத்தகம். முன்பு பார்த்திராத கதை. கடினமான இரண்டு மூன்று சொற்களைப் பற்றி முதலில் பேசுவார். பிறகு ஒவ்வொருவரும் தாமே மெல்லப் படிக்கவேண்டும்; சேர்ந்து படிக்கக் கூடாது. அவர் ஒருவர் பக்கம் காதைச் சாய்த்து, தடுக்கிய இடத்தைக் குறித்துக்கொள்வார். உடனே சொல்லிக்கொடுக்க மாட்டார். சிறிது காத்திருப்பார். அந்தக் காத்திருப்பே எனக்குப் படிப்புச் சொல்லித் தந்தது என்பேன்.

இவ்வாறு குறித்துக்கொள்ளும் முறையை வகுத்துத் தந்தவர் நியூசிலாந்து நாட்டு மேரி கிளே என்னும் அம்மையார் என்பதைக் கல்லூரிக்கு வந்தபின் அறிந்தேன். ஆனால் சிறு கூட்டமாகக் கற்பது நமக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையவர்க்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். சென்னையில் இருந்த ஆண்ட்ரு பெல் என்பவர், சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் எழும்பூர் அநாதைப் பள்ளியில் மாணவரையே ஆசிரியராக்கினார். 1797-இல் அதனை இங்கிலாந்தில் நூலாகவும் வெளியிட்டார். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தது.

பெயர்கள் அழகியவை. எனினும் தான் அரும்பு என்பது எதனால் என்று பிள்ளைக்கு இரண்டே நாளில் தெரிந்துவிடும்! எங்கள் ஆசிரியை மூன்று வாரத்திற்கொரு முறை வட்டத்தைக் கலைத்து வேறாக அமைப்பார். கலையாத வட்டம் கடைசி பெஞ்சியாகிவிடும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். மேலை நாடுகளில் இம்முறை பரவியபோது, படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கும் பழக்கமும் உடன் பரவியது. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் அதனைக் கண்டித்துள்ளனர். தமிழுக்கு அது வேண்டவே வேண்டாம். எழுத்தைக் கூட்டினால் பெரும்பாலும் சொல் வந்துவிடும். வராத இடங்கள் சில உண்டு. திருவனந்தபுரத்துப் பிள்ளைகள் முட்டுவது அங்கேதான்.

சனிக்கிழமை மாலைகளில் சாலைப் பகுதியில் ஐந்து பிள்ளைகளோடு அமர்கிறேன். வீட்டில் தமிழ், தெருவிலும் பள்ளியிலும் மலையாளம். சென்ற மாதம் ஒரு சிறுவன், 'பாலன் பால் குடித்தான்' என்பதில் 'பாலன்' என்ற சொல்லையும் 'பால்' போலவே வல்லோசையில் படித்துவிட்டு விழித்தான். மலையாளத்தில் அவ்விரண்டுக்கும் வெவ்வேறு முதலெழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'பா'. கூட்டமாகக் கத்தியிருந்தால் இந்தத் தடுமாற்றம் என் காதில் விழுந்திராது. நான் வாய் திறக்காமல் காத்திருந்தேன். அவன் மறுபடியும் படித்தான். இம்முறை 'பாலன்' சரியாக வந்தது.

"தமிழில் ஓரெழுத்து மிச்சம் பிடித்துவிட்டார்கள், அண்ணா!" என்றான். பிறகு பென்சிலை எடுத்து, 'பாலன்' என்பதன் தலைமேல் அந்த மலையாள எழுத்தைச் சிறிதாக எழுதிக்கொண்டான். நான் அழிக்கச் சொல்லவில்லை.