ஒளிர்வது தொட்டில் அல்ல

தை மாதத்தில் இரவு ஒன்பது மணி வாக்கில் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள அனுமந்தன்பட்டி வயல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தால், உச்சிக்குச் சற்றுத் தெற்கே மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்பது தெரியும். அங்கிருந்து தெற்குப் பக்கமாகக் கண்ணைக் கொஞ்சம் இறக்கினால் மங்கலாக ஒரு திட்டு. அதுதான் ஓரியன் நெபுலா. ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. செல்போன் திரையில் அதைச் செக்கச்செவேல் என்று பார்த்துப் பழகிய பிள்ளைகள், பைனாகுலரில் சாம்பல் நிறமாகக் கண்டதும் கேட்பார்கள்: “அப்ப படமெல்லாம் பொய்யா சார்?”

பொய்யில்லை. மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தைப் பிரித்தறியாது. கேமராவோ நிமிடக் கணக்கில், மணிக் கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கிறது. ஆனால் 1995-ல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த, கழுகு நெபுலாவின் பெயர்பெற்ற தூண்கள் படம் வேறு வகை. கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஆய்வாளர்கள் நிறங்களைப் பங்கிட்டுக் கொடுத்த படம் அது. ஹைட்ரஜனும் கந்தகமும் வெளிவிடும் அந்த ஒளிகள் இரண்டுமே உண்மையில் சிவப்பு. எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டவே அந்த ஏற்பாடு.

அடுத்த நம்பிக்கை, நெபுலா என்பது எரிகிற வாயு என்பது. அங்கே எதுவும் எரியவில்லை. ஓரியன் நெபுலாவின் நடுவில் ட்ரபீசியம் என்ற இளம் விண்மீன் கூட்டம் இருக்கிறது. அதில் மிகப் பிரகாசமானதன் மேற்பரப்பு வெப்பம் 40,000 டிகிரியை நெருங்கும். அது வீசும் புற ஊதாக் கதிர், சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்துவிடுகிறது. பிரிந்த எலெக்ட்ரான் மறுபடி ஓர் அணுக்கருவோடு சேர்ந்து படிப்படியாக ஆற்றலை இழக்கும்போது வருவதுதான் அந்தச் சிவப்பு ஒளி.

1864-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தபோது வானவில் பட்டைக்குப் பதிலாகத் தனித்தனிக் கோடுகள் வந்தன. நெபுலா ஒரு வாயு என்று அன்றுதான் உறுதியானது. அதிலிருந்த ஒரு பச்சைக் கோடு பூமியில் எவரும் கண்டறியாதது. ‘நெபுலியம்’ என்று புதுத் தனிமமே ஒன்று இருப்பதாகப் பல பத்தாண்டுகள் நம்பினார்கள். 1927-ல் ஐரா போவன் அந்த முடிச்சை அவிழ்த்தார். இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த சாதாரண ஆக்சிஜன்தான் அது. அணுக்கள் அடிக்கடி மோதிக்கொள்ளும் இடத்தில் அந்தப் பச்சை ஒளி பிறக்காது. நெபுலாவில் மோதல் அவ்வளவு அரிது.

நெபுலாவுக்குள் போனால் பனிமூட்டத்தில் கண் தெரியாத மாதிரி இருக்கும் என்பதும் இதனால் அடிபட்டுப் போகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள்ளன. ஓரியன் நெபுலாவில் அதே இடத்தில் சில ஆயிரம் அணுக்கள். நம் கணக்கில் அது வெற்றிடமே. இருபதுக்கும் மேற்பட்ட ஒளியாண்டு அகலத்துக்குப் பரந்து கிடப்பதால்தான் கண்ணுக்குப் புலப்படுகிறது.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இனி வருவதைத்தான். ஒளிரும் பகுதியில்தான் விண்மீன் பிறக்கிறது என்று பாடம் நடத்துகிறவர்களே சொல்லிவிடுகிறார்கள். அந்த வாயு ஏறக்குறைய 10,000 டிகிரியில் இருக்கிறது. அந்தச் சூட்டில் அது விரியுமே தவிரச் சுருங்காது. பிறப்பு நடப்பது அதற்குப் பின்னால், மைனஸ் 260 டிகிரி வாக்கில் உறைந்து கிடக்கும் இருண்ட மூலக்கூறு மேகத்தில். முன்பே பிறந்துவிட்ட பெரிய விண்மீன்கள் தம்மைப் பெற்ற மேகத்தை அரித்துக் கரைப்பதன் அடையாளமே அந்த ஒளி.

இருண்ட மேகத்தை ஓட்டை என்று நினைத்த காலமும் உண்டு. வில்லியம் ஹெர்ஷல் போன்ற மேதைகூட, பால்வீதியின் கருந்திட்டுகளை விண்மீன் இல்லாத வெறும் துளை என்றே எண்ணினார். ஆனால் அவை தூசி அடர்ந்த மேகங்கள். அகச்சிவப்புக் கதிரில் பார்த்தால் அந்தத் தூசியைத் தாண்டிப் பின்னாலிருக்கும் விண்மீன்கள் தெரிந்துவிடுகின்றன.

சரி, குளிர்ந்த மேகம் இருந்தால் போதுமா, ஈர்ப்பு இழுத்துக்கொள்ளாதா? போதாது. எவ்வளவு குளிர்ச்சிக்கு எவ்வளவு நிறை சேர்ந்தால் மேகம் தன் எடையிலேயே சரியும் என்று 1902-ல் ஜேம்ஸ் ஜீன்ஸ் கணக்கிட்டார். ஆனால் சுருங்கும் வாயு சூடாகும். சூடானால் அழுத்தம் கூடி எதிர்த்துத் தள்ளும். கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளும் தூசியும் அந்தச் சூட்டைக் கதிராக வெளியே அனுப்பினால்தான் சுருக்கம் தொடரும். மேகத்தின் கொந்தளிப்பும் காந்தப்புலமும் வேறு குறுக்கே நிற்கின்றன. ஆடி மாதத்தில் கேரளத்துப் பக்கமிருந்து மலை தாண்டி வரும் மேகம் கம்பம் பள்ளத்தாக்கின் மேல் நாள் முழுக்க ஓடியும் சாரலாகத் தூறிவிட்டுப் போகிறதல்லவா, விண்மீன் மேகங்களும் அப்படித்தான். மொத்த நிறையில் நூற்றுக்குச் சில பங்கே விண்மீனாகிறது. நம் பால்வீதி முழுவதிலும் ஓர் ஆண்டில் உருவாகும் விண்மீன்களை எடைபோட்டால் ஓரிரு சூரியன்களுக்குமேல் தேறாது.

இந்தக் காந்தப்புலத்தை அளக்கும் வழி கண்டவர்களில் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் பெயரைச் சொன்னால் எல்லாரும் விண்மீனின் மரணத்தைத்தான் நினைக்கிறார்கள். பிறப்பிலும் அவருக்குப் பங்குண்டு. தூசித் துகள்கள் காந்தப்புலத்துக்கு ஏற்ப ஒரே திசையில் அணிவகுப்பதால், அவற்றின் ஊடே வரும் ஒளி ஒரு தளத்தில் கூடுதலாக அதிர்கிறது. வாயு எவ்வளவு கொந்தளித்தும் அந்தத் திசைகள் கலையாமல் இருந்தால் புலம் வலுவானது என்று பொருள். 1951-ல் லெவரெட் டேவிஸ் இதைத் தொடங்கிவைத்தார். 1953-ல் சந்திரசேகரும் என்ரிகோ ஃபெர்மியும் வளர்த்தெடுத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை, காந்தப்புலத்தின் அலகான ஒரு காஸில் பத்து லட்சத்தில் ஏழு பங்கு. நம் ஊரில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு மெலிந்தது அது. அத்தனை மெலிந்த புலம்கூட ஒரு மேகத்தின் சரிவைத் தாமதப்படுத்த வல்லது. மூவர் பெயராலும் வழங்கும் அந்த முறையை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

தடைகளை மீறிச் சரியும் மேகக்கரு, சுழற்சியால் தட்டையாகி நடுவில் முதிரா விண்மீனையும் சுற்றிலும் ஒரு வட்டையும் உண்டாக்கும். அந்த வட்டில்தான் கோள்கள் திரளும். மையத்தின் வெப்பம் ஒரு கோடி டிகிரி வாக்கில் எட்டும்போது ஹைட்ரஜன் இணைவு தொடங்கும். சூரியன் அளவு விண்மீன் நிலைபெறச் சில கோடி ஆண்டுகளாகும்.

கார்த்திகை விண்மீன்களைச் சுற்றிப் புகைப்படத்தில் நீலமாகத் தெரியும் புகை, அவை பிறந்த மேகத்தின் மிச்சம் என்று வெகுகாலம் நம்பினார்கள். பத்துக் கோடி ஆண்டு வயதுள்ள அந்தக் கூட்டம் தன் தாய்மேகத்தை எப்போதோ விட்டு வந்துவிட்டது. போகிற வழியில் எதிர்ப்பட்ட வேறொரு தூசிமேகம் அது. அந்த ஒளி சொந்த ஒளியும் அல்ல, விண்மீன் வெளிச்சத்தின் எதிரொளிப்பு என்பதை 1912-ல் வெஸ்டோ ஸ்லைஃபர் நிறமாலையில் காட்டினார். நெபுலா எல்லாமே பிறப்பிடமும் அல்ல. 1054-ல் சீனர்கள் பகலிலேயே கண்டு குறித்துவைத்த ஒரு விண்மீன் வெடிப்பின் சிதறல்தான் நண்டு நெபுலா.

இதையெல்லாம் பார்க்க வெளிநாட்டுக்குப் போகவேண்டும் என்பதும் தவறு. வடக்கே போகப் போக இழக்கும் தெற்கு வானம் நமக்கு வாய்த்திருக்கிறது. அந்த வானத்துக்கு வாகான ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. டெல்லியில் அடிவானத்தை ஒட்டி மறையும் கரினா நெபுலா, சித்திரை முதல் வாரத்தில் இரவு ஒன்பது மணிக்கு அனுமந்தன்பட்டியின் தெற்கே 20 டிகிரி உயரத்தில் நிற்கும். கையை நீட்டி விரித்தால் ஒரு சாண் அளவு. தெருவிளக்கு படாத இடமாகப் பார்த்து, செல்போனை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுத்துப் பைனாகுலரைத் திருப்புங்கள். வெளிறிய திட்டுக்குள் கரிய பிளவுகள் ஓடும். அவற்றில் தூசி அடர்ந்திருக்கிறது. ஒளியைவிட அந்தக் கருமையைக் கூர்ந்து பாருங்கள்.