வயிற்றுத் தொல்லை விடவில்லையா? எல்லாம் காற்று அல்ல

“காற்றுதான், ஓமத்தண்ணீர் குடித்தால் போய்விடும்” என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறீர்களா? மேல்வயிற்று வலி, எரிச்சல், ஏப்பம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

வலி மாத்திரையா காரணம்?
பால்மரம் வெட்டிய காலத்து முழங்கால் வலி, இடுப்பு வலிக்குப் பலர் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும். வயதானவர்களுக்கு வலியே தெரியாமல் இரத்தம் கசியலாம். நாட்டு மருந்து உட்பட நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக் கொண்டு வாருங்கள். இருதயத்திற்குக் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கிருமியா காரணம்?
ஹெலிக்கோபேக்டர் பைலோரி என்னும் கிருமி இரைப்பையில் தங்கிப் புண் உண்டாக்கும். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் இதைக் கண்டறிந்து, 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். மலேசிய ஆய்வுகளில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் இக்கிருமி அதிகம் காணப்பட்டது. பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றுகிறது. மூச்சுச் சோதனையில் தெரிந்துவிடும். பொதுவாக 14 நாள் மருந்து தருவார்கள். வலி நின்றாலும் பாதியில் விடாதீர்கள்.

சோதனையில் புண்ணோ கிருமியோ தெரியாவிட்டாலும் உங்கள் தொல்லை பொய்யல்ல. அதற்கும் சிகிச்சை உண்டு.

வீட்டில் செய்யவேண்டியவை
• வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காமல் பசியாறிவிட்டுக் குடியுங்கள்.
• ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.
• இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் விடுங்கள்.
• உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத காரம், எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள்.
• சிகரெட்டையும் மதுவையும் விடுங்கள்.

தாமதிக்காதீர்கள்
மெலிந்து போவது, விழுங்கச் சிரமம், ஓயாத வாந்தி, சோகை இருந்தால் உடனே கிளினிக்குக்குச் செல்லுங்கள். வயதான பிறகு புதிதாகத் தொடங்கிய அஜீரணத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, கூலிம் போன்ற ஊர்களின் மருத்துவமனைக்கு அனுப்பி, குழாய்விட்டு இரைப்பையைப் பார்ப்பார்கள். பயம் வேண்டாம்; சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

தார்போல் கறுத்த மலம், இரத்த வாந்தி, வியர்வையோடு நெஞ்சு அழுத்தம், மூச்சுத்திணறல் இருந்தால் 999 எண்ணை அழையுங்கள். மாரடைப்பும் “காற்று” போலவே வரும், குறிப்பாக இனிப்புநீர் உள்ளவர்களுக்கு.